கேள்வி ஒன்பது

மணிக்கு இத்தனை ரிங்கிட் என்று
இரண்டு பேருக்கு நடுவே உட்காருவது என் வேலை.
இடப்பக்கம் தட்டச்சு செய்யும் அதிகாரி,
வலப்பக்கம் செந்தூலில் கார் கழுவும் நவகீதன்.
நகக்கண்ணில் இன்னும் சோப்பு வெள்ளை.
"பசியாறிட்டீங்களா?" என்றேன்.
ஏதோ பெரிய பசியைக் கேட்டதுபோல் யோசித்துவிட்டு
"ஓம், ஆறிட்டுது" என்றார்.

ஒன்பதாம் கேள்வி: எந்த இயக்கம்?
பதில் எழுத ஒரு கட்டம்,
என் கட்டைவிரல் அகலம்.

"முதல்ல மூண்டு எழுத்து.
பிறகு நாலு.
நாலுக்குள்ள ரெண்டு பேர் பிடுங்குப்பட்டு
அடைப்புக்குறிக்குள்ள ஒரு ஊர்ப்பேர் வந்தது.
நான் அந்த அடைப்புக்குறிக்குள்ள இருந்தனான்."
அடைப்புக்குறியை மொழிபெயர்த்தேன்.
அதிகாரி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார்.

ஏன் பிரிந்தீர்கள்? கொள்கையா?

"கொள்கைப் புத்தகம் ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.
அதே அச்சகம், அதே எழுத்துப்பிழை.
ஒரு எஞ்சின் வந்தது, இருபத்தஞ்சு குதிரை.
வெளிநாட்டில இருந்து ஆரோ அனுப்பினது.
கரைப் பொறுப்பாளருக்கோ
காட்டில இருந்த தலைமைக்கோ எண்டு
கடிதத்தில இல்லை.
அதுவரைக்கும் ஒரு சட்டியில திண்ட ஆக்கள்."

ஆங்கிலத்தில் நான் சொல்லி முடித்தபோது
சட்டி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"பிறகு ஒரு முகாம் போச்சு.
வெண்டிருந்தா ஒருத்தரும் கணக்குக் கேட்டிருக்கமாட்டினம்.
தோத்த அண்டு இரவுதான்
ஆர் எந்த ஊர் எண்டு எண்ணத் தொடங்கினது."

உங்கள் பிரிவும் உடைந்ததா?

"இல்லை. பதினொரு பேர், ஒரே ஒழுங்கை.
எவன்ர கோடிக்குள்ள எந்த வேலியில பொட்டு எண்டு
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவம்.
ஓடினா, அடுத்த வீட்டுத் தாயின்ர முகத்தில
எப்பிடி முழிக்கிறது?"
தண்ணீர் குடித்தார்.
"மற்றப் பக்கமும் உடையேல்லை.
கேள்வி கேட்டவனை அங்க
கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம்.
அதுவும் ஒற்றுமைதான். எழுதுங்கோ."
அதிகாரி எழுதினார்,
இரண்டுக்கும் அதே சொல்லை.

மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்த நினைப்புக் கூடாது.
ஆனாலும் நினைத்தேன்:
ஈப்போ சாலைப் பக்கம் எங்கள் கோயில் நிர்வாகம்
போன ஆடிக்கு முன்னால் உடைந்தது.
ஒரே அம்மன், இரண்டு ரசீதுப் புத்தகம்.
உண்டியலில் இரண்டு பூட்டு,
ஒன்றின் சாவி என் சித்தப்பாவிடம்,
மற்றது அவர் மச்சானிடம்.
வழக்கு இன்னும் நடக்கிறது.
நல்லவேளை, யாரிடமும் துப்பாக்கி இல்லை.
வித்தியாசம் அவ்வளவுதானா என்று
மேசைக்கடியில் கால் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

பிரிந்த தரப்பினர் எவருடனாவது
இப்போது தொடர்பு உண்டா?

"ஓம். அறையில.
எட்டுப் பேர் இருக்கிறம்.
அதில சேந்தன் எங்களுக்குச் சுட்டவன்.
அவனுக்கு இரவு, செலாயாங் சந்தையில மூட்டை.
எனக்குப் பகல். ஒரே மெத்தை.
நான் எழும்பின சூடு ஆறமுதல் அவன் வந்து படுப்பான்.
வாடகைக் காசு சேர்க்கிறதும் அவன்தான்.
அஞ்சு சதம் பிசகாது."

அப்படியென்றால் அவரால் உங்களுக்கு ஆபத்து இல்லை?

நவகீதன் என்னைப் பார்த்தார்,
அதிகாரியை அல்ல.
"இப்போதைக்கு இல்லை.
போன கிழமை ஒரு காற்றாடி வாங்குவம் எண்டு
எட்டுப் பேரும் காசு போட்டம்.
கடைக்காரன் உத்தரவாத அட்டையில
ஒரு பேர் கேட்டான்.
ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.
பெட்டி இன்னும் கடையில கிடக்குது."